லேபிளுக்கு டிரேட்மார்க் வாங்குவது எப்படி: வேலூர்ப் பக்கத்துச் சிறு தொழில்காரர்களுக்கு

2022 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வேலூர் மண்டி வீதியில் நாங்கள் சரக்குப் போடும் கடைக்காரர் போன் செய்தார். "அக்கா, இந்தத் தடவ எண்ணெய் சிக்கு வாசம் அடிக்குதுன்னு ரெண்டு பேர் பாட்டிலத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. வந்து பாருங்க." குடியாத்தத்தில் இருந்து அடித்துப் பிடித்துப் போனேன். அதே மஞ்சள் லேபிள். அதே செக்கு மாடு, கொம்பு வளைவு முதற்கொண்டு. பெயரில் மட்டும் 'ல' இருந்த இடத்தில் 'ள'. எங்கள் மூடி பச்சை, அது நீலம். எண்ணெய் எங்களுடையதே இல்லை.

அப்போதே ஆறு வருடமாக மரச்செக்கில் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் ஆட்டி விற்றுக்கொண்டிருந்தோம். அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் இல்லையா என்று கடைக்காரர் கேட்டார். அதற்கு முன்பே இரண்டு முறை பணம் கட்டி விண்ணப்பித்து, இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தோம். மூன்றாவது முறை நானே உட்கார்ந்து செய்து 2024 ஜனவரியில் பதிவுச் சான்றிதழ் வாங்கினேன். எண்ணெயோ, மசாலாவோ, செருப்போ, ஊதுவத்தியோ, எதைச் செய்து விற்றாலும் வழி இதுதான்.

1. பெயரைத் தேடிப் பாருங்கள், லேபிள் அடிப்பதற்கு முன்பே

ஐபி இந்தியா என்ற அரசுத் தளத்தில் டிரேட்மார்க் பொதுத் தேடல் இருக்கிறது, இலவசம். வேர்ட்மார்க், ஃபோனெட்டிக், வியன்னா கோட் என்று மூன்று வகைத் தேடல். பலர் வேர்ட்மார்க்கில் தங்கள் பெயரை ஒரு முறை அடித்து, எதுவும் வரவில்லை என்றதும் மூடிவிடுகிறார்கள். அது போதாது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். 'ழ' வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒலியை வைத்துத் தேடும் ஃபோனெட்டிக்கிலும் பாருங்கள், வேர்ட்மார்க்கில் 'கன்டெய்ன்ஸ்' என்பதைத் தேர்ந்து பாதிப் பெயரையும் அடித்துப் பாருங்கள். வியன்னா கோட் படங்களுக்கானது. என் லேபிளில் மாடு இருப்பதால் அதையும் பார்த்தேன். நாட்டில் எண்ணெய் விற்கிறவர்களில் பாதிப் பேருக்கு மாட்டின் மேல்தான் பாசம்.

கிடைத்த பக்கங்களைத் தேதி தெரியும்படி அச்செடுத்து வையுங்கள். பிறகு ஆட்சேபம் வந்தால் உதவும்.

2. எந்தப் பெயர் நிற்கும், எது நிற்காது

1999-ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பொருளை வர்ணிக்கிற பெயரையும் ஊர்ப் பெயரையும் எளிதில் விடாது. 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்பது பெயரே அல்ல, வர்ணனை. 'ஆற்காடு மக்கன் பேடா', 'ஆம்பூர் பிரியாணி' என்பதை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. அந்தச் சொற்களோடு சேர்த்து உங்களுக்கென்று ஒரு பெயர் வேண்டும். சாமி பெயர் வைக்கலாம். ஆனால் அதே சாமி பெயரில் ஐம்பது பேர் இருப்பார்கள், ஏற்கெனவே உள்ள பெயரோடு ஒத்துப்போவதை விடாத 11-ஆம் பிரிவில் இடிக்கும்.

ஊர்ப் பெயருக்கு என்று தனியாகப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆரணிப் பட்டுக்கு உண்டு. நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023 பிப்ரவரியில் 'வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்' என்று கிடைத்தது. நீங்கள் அந்தக் கத்தரிக்காயை விளைவிப்பவர் என்றால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அந்தக் குறியீட்டில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று உங்கள் பெயரைச் சேர்க்க விண்ணப்பியுங்கள். 2020 விதித் திருத்தத்துக்குப் பிறகு அதன் கட்டணம் 10 ரூபாய்தான். குறியீடு வாங்கினதற்குப் பத்திரிகையில் செய்தி வருகிறது, கலெக்டரோடு போட்டோ வருகிறது. அதற்கப்புறம் எத்தனை விவசாயி தன் பெயரைச் சேர்த்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

3. கிளாஸ்: என் முதல் 9,000 ரூபாய் போன இடம்

பொருட்களையும் சேவைகளையும் 45 கிளாஸ்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கிளாஸில் பதிந்தால் அந்த வகைப் பொருளுக்குத்தான் உரிமை. 2018-இல் ஓர் ஏஜென்டிடம் கொடுத்தேன். கட்டணமும் அவர் கூலியும் சேர்த்து 9,000. அவர் 'எண்ணெய்' என்பதைப் பார்த்து கிளாஸ் 4-இல் போட்டுவிட்டார். கிளாஸ் 4 என்றால் தொழிற்சாலை எண்ணெய், கிரீஸ், மசகு, மெழுகுவர்த்தி. சமையல் எண்ணெய் கிளாஸ் 29. வாசனை எண்ணெய் கிளாஸ் 3. தாக்கல் ஆன பிறகு 4-ஐ 29 ஆக்கித் தரமாட்டார்கள். புது விண்ணப்பம், புதுப் பணம்.

நம் பக்கத்துத் தொழில்களுக்குத் தோராயமாக: ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29, மசாலாத் தூள், மாவு, இனிப்பு 30, காய்கறி 31, ஊதுவத்தி 3, தோல் பை 18, செருப்பு, ஷூ, லுங்கி 25, தீப்பெட்டி, பீடி 34, ஓட்டல் 43. தாக்கல் செய்வதற்கு முன் கிளாஸ் எண்ணையும் பொருள் விவரத்தையும் உங்கள் கண்ணால் படியுங்கள். ஏஜென்ட் "எல்லாம் பாத்துக்கறேன்" என்றால் ரொம்பக் கவனமாகப் படியுங்கள்.

4. யார் பெயரில் போடுவது

இதை வீட்டில் பேசி முடித்துவிட்டு வாருங்கள். தனிநபர் பெயரில் போட்டால் சலுகைக் கட்டணம் தானாகக் கிடைக்கும். பங்குதாரர் நிறுவனம், கம்பெனி என்றால் சலுகைக்கு உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ் வேண்டும். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். 2,000, 3,000 கேட்கும் தளங்கள் அரசுத் தளம் அல்ல.

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையில் அண்ணன் பெயரில் மட்டும் போட்டுவிட்டு, பாகம் பிரிக்கும் நாளில் பெயர் யாருக்கு என்று அடித்துக்கொள்வதை நம் பஜாரிலேயே பார்க்கிறோம். பிறகு உரிமையை மாற்றி எழுதலாம், ஆனால் அதற்கு டிஎம்-பி படிவம், ஆன்லைனில் 9,000 ரூபாய்.

இன்னொன்று. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களின் பழைய தாள்களில் இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே இருக்கும். ஆற்காட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு ஆதாரில் ஒன்று, உத்யமில் ஒன்று. முதலில் அதைச் சரி செய்துகொள்ளுங்கள். தாக்கல் ஆன பிறகு முகவரியைத் திருத்த டிஎம்-எம் படிவமும் 900 ரூபாயும் ஆகும்.

5. ஆவணங்கள்

ஆதார், பான், லேபிளின் தெளிவான படம், உத்யம் தேவைப்பட்டால் அது. ஏஜென்ட் வைத்தால் டிஎம்-48 என்ற அதிகாரப் பத்திரம். பெயர் தமிழில் இருந்தால் அதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது, அதன் பொருள் என்ன என்று இரண்டையும் தர வேண்டும். இதெல்லாம் ஒரு மணி நேர வேலை.

திணற வைப்பது 'எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்' என்ற கேள்வி. இன்னும் விற்கத் தொடங்கவில்லை என்றால் 'இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்' என்று போட்டுவிட்டு நகரலாம். ஏற்கெனவே விற்கிறீர்கள் என்றால் முதல் தேதியைச் சொல்லி, நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரமும் அதற்குச் சான்றும் இணைக்க வேண்டும். அந்தத் தேதிக்கு அவ்வளவு மதிப்பு. ஏனென்றால் 34-ஆம் பிரிவின்படி, பதிந்தவருக்கு முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைப் பதிந்தவர் தடுக்க முடியாது. உங்களுக்கு அது கேடயமாகவும் ஆகலாம், எதிராளிக்கும் ஆகலாம்.

நாங்கள் செக்குப் போட்டது 2016. அந்த வருடத்து பில் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தேன், கிலோ என்ன விலைக்கு என்று இப்போது நினைக்கவே பிடிக்கவில்லை. மூன்று நாள் வீட்டைப் புரட்டினோம். கடைசியில் என் வீட்டுக்காரரின் எல்ஐசி ஃபைலுக்குள், மடித்த பாலிசிக்கு நடுவில், சிவகாசி அச்சகத்தின் லேபிள் பில் கிடைத்தது. 2017 மார்ச், 2,000 லேபிள், பக்கத்தில் எங்கள் பெயர். அந்தத் தேதியைத்தான் விண்ணப்பத்தில் போட்டேன். ஒரு வருடம் போனது போனதுதான். சான்று இல்லாத தேதியைச் சொல்லி மாட்டிக்கொள்வதை விட அது மேல்.

சான்றாக எடுபடுபவை: தேதியும் பெயரும் உள்ள விற்பனை பில், அச்சகத்து பில், உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி தாள், பெயர் தெரிகிற கண்காட்சி ரசீது. போட்டோவில் தேதி இல்லை என்றால் பயன் குறைவு.

லேபிள் வரைந்த டிடிபி கடைக்காரரிடம், 'இந்த வடிவத்தின் உரிமை முழுவதையும் இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, கோரல் ஃபைலையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மாடு எப்படிப் பக்கத்து ஊர் பாட்டிலுக்குப் போனது என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பையன் கம்ப்யூட்டரில் இருந்துதான். "அக்கா, அந்த பாட்டில்காரரு ஒரு மாடல் கேட்டாரு, இருந்தத எடுத்துக் குடுத்தேன்" என்றான். அவனுக்கு அது தப்பு என்றே தெரியவில்லை.

6. தாக்கலும் செலவும்

படிவம் டிஎம்-ஏ. ஆன்லைனில் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. கிண்டி அலுவலகத்தில் தாளாகக் கொடுத்தால் 5,000, 10,000. தமிழ்நாட்டுக்கான பதிவகம் கிண்டி ஜிஎஸ்டி சாலையில்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது விண்ணப்பத்துக்காக நான் ஒரு தடவை கூடக் காட்பாடியில் ரயில் ஏறவில்லை. ஆன்லைனில் போட கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து வேண்டும் (இந்த 'கிளாஸ் 3' வேறு, ஊதுவத்தி கிளாஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). இரண்டு வருடத்துக்கு எனக்கு 1,800 ரூபாய் ஆனது. நோட்டரி, முத்திரைத்தாள் 500. ஆக மொத்தம் 6,800.

கையில் காசு ஒரு விண்ணப்பத்துக்குத்தான் இருக்கிறதென்றால் வண்ண லேபிளைவிடப் பெயரை மட்டும் சொல்லாகப் பதியுங்கள். லேபிளை நாளைக்கு மாற்றுவீர்கள், பெயர் மாறாது.

பணம் கட்டிய அன்றே விண்ணப்ப எண் வரும். பதிவு எப்போது கிடைத்தாலும் உரிமை இந்த நாளில் இருந்தே கணக்கு. அன்று முதல் பெயருக்கு மேல் சின்னதாக 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடாதீர்கள். பதிவாகாமல் அதைப் போடுவது சட்டப்படி தவறு. லேபிள் அழகாக இருக்கும் என்று அச்சகத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள், பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

7. அந்த 30 நாள்

என் இரண்டாவது விண்ணப்பம் செத்தது இங்கேதான். 2019-இல் வேறொருவரிடம் கொடுத்தேன். கிளாஸ் சரி, பெயர் சரி. ஆனால் விண்ணப்பத்தில் அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுப் பதிவகம் அனுப்பும் பரிசோதனை அறிக்கை அவருக்குப் போயிருக்கிறது. அவர் பார்க்கவில்லை. அறிக்கை கிடைத்து 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். தளத்தில் ஒரு நாள் எதேச்சையாகப் பார்த்தால் 'அபேன்டன்ட்' என்று கிடக்கிறது.

ஏஜென்ட் வைத்தாலும் உங்கள் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் கொடுக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை, நான் சந்தை நாளன்று பார்ப்பேன், விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். 'பார்மாலிட்டிஸ் செக் பாஸ்' என்றால் தாள் சரி. 'மார்க்ட் ஃபார் எக்ஸாம்' என்றால் வரிசையில் நிற்கிறது. 'அப்ஜெக்டட்' (ஆட்சேபம்) என்று வந்தால் பயப்படாதீர்கள்; பெரும்பாலோருக்கு வரும். அன்றே அறிக்கையைத் தரவிறக்கித் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள்.

2022 நவம்பரில் போட்ட எனக்கு 2023 ஜனவரியில் அறிக்கை வந்தது. ஆந்திரத்து நெய்க்காரர் ஒருவரின் பெயர் ஒத்துப்போகிறது என்றார்கள். பதிலை நாலு பத்தியில் எழுதினேன்: அவர் பொருள் நெய், என்னுடையது எண்ணெய், பெயரின் பின்பாதி வேறு, ஒலி வேறு, 2017 முதல் விற்கிறேன், இதோ பில்கள். உணர்ச்சிவசப்பட்டு எழுத வேண்டாம். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த கதையை அங்கே யாரும் மதிப்பெண் போட்டுப் படிப்பதில்லை. ஆகஸ்டில் விசாரணை, வீடியோ வழியாக. செக்குச் சத்தம் கேட்காமல் இருக்க மாடியில் உட்கார்ந்தேன். ஆறு நிமிடத்தில் முடிந்தது.

8. இதழில் வந்த பிறகு

ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் இதழில் போடுவார்கள். அது வாரா வாரம் திங்கட்கிழமை வரும். அதன் பிறகு 4 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், கட்டணம் 2,700. எதிர்ப்பு உங்களுக்கு வந்தால் இரண்டு மாதத்துக்குள் எதிர்வாதம் போட்டாக வேண்டும், அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

இந்த 4 மாதத்தில்தான் போலிக் கடிதங்கள் வரும். இதழில் உங்கள் முகவரி பொதுவில் கிடக்கிறதே. முத்திரை, கழுகுப் படம் எல்லாம் வைத்து, சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்க இத்தனை ஆயிரம் கட்டுங்கள் என்று எனக்கு இரண்டு வந்தன. போனில் "சான்றிதழ் ரெடி, 3,500 அனுப்புங்க" என்றும் ஒருவர். சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அது தளத்திலேயே இலவசமாக இறங்கும்.

9. காப்பியடித்தவரை நிறுத்துவது

சான்றிதழ் வந்தால் போலி தானாக நிற்காது. யாரும் உங்களுக்காகக் கடை கடையாகப் போய்ப் பார்க்க மாட்டார்கள். பெரிய கம்பெனிக்கு அதற்கென்று ஆட்கள் உண்டு, நமக்கு நாம்தான்.

முதலில் போலிச் சரக்கைக் காசு கொடுத்து வாங்குங்கள், பில்லோடு. மூடியைத் திறக்காதீர்கள். வேறு வேறு கடைகளில் குறைந்தது மூன்று வாங்குங்கள். கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள், அவர்தான் நாளைக்கு உங்கள் சாட்சி.

பிறகு லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம் அங்கே இருந்தது. அந்த ஆள் ஃபைலை அப்படியே அச்சடித்ததில் எங்கள் 14 இலக்க உணவு உரிம எண்ணும் அவர் பாட்டிலில் ஏறியிருந்தது. டிரேட்மார்க் கையில் இல்லாத அந்த நவம்பரில், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு பக்கப் புகார் கொடுத்தேன், இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தோடு. பத்து நாளுக்குள் மண்டி வீதியிலும் நேதாஜி மார்க்கெட்டிலும் நீல மூடி காணாமல் போனது. உணவுப் பொருள்காரர்கள் இந்த வழியை மறக்க வேண்டாம்.

ஆனால் அவர் எண்ணை மாற்றிக்கொண்டு ஆறே மாதத்தில் திரும்ப வந்தார். அதை நிறுத்தியது பதிவுக்குப் பிறகு அனுப்பிய வக்கீல் நோட்டீஸ். சான்றிதழ் நகல், படங்கள், 15 நாள் கெடு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த ரசீதைப் பத்திரப்படுத்தினோம். வக்கீல் 3,000 வாங்கினார். காப்பியடித்தவர் மீதி லேபிளை எரித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். பதிவாவதற்கு முன்பே சட்டத்தைக் காட்டி மிரட்டிக் கடிதம் எழுதாதீர்கள். ஆதாரமில்லாத மிரட்டல் என்று 142-ஆம் பிரிவில் அவர் உங்கள் மேலேயே வழக்குப் போடலாம்.

நோட்டீசுக்கு மசியாவிட்டால் இரண்டு வழி. ஒன்று போலீஸ். போலி டிரேட்மார்க் போடுவதற்கு 103-ஆம் பிரிவிலும் அதை விற்பதற்கு 104-ஆம் பிரிவிலும் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆனால் லோக்கல் ஸ்டேஷனில் போய் "உடனே போய்ப் புடிங்க சார்" என்றால் நடக்காது. வாரன்ட் இல்லாமல் சோதனை போட டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அவரும் அதற்கு முன் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தைக் கேட்க வேண்டும். இது தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் நாள் கணக்கில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று சிவில் வழக்கு. மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது; நீங்கள் தொழில் நடத்தும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே போடலாம், எதிராளி ஓசூரில் இருந்தாலும் சரி. எங்களுக்கு அது சத்துவாச்சாரி. வணிக வழக்கு என்பதால் முதலில் சமரச மையத்துக்குப் போகச் சொல்வார்கள், அதற்கே 3 மாதம் ஆகலாம். உடனடித் தடை உத்தரவு உண்மையிலேயே தேவை என்றால் நேராக வழக்குப் போட வழி உண்டு. பதிவே இல்லாவிட்டாலும் 'நம் சரக்கு என்று ஏமாற்றி விற்கிறார்' என்று வழக்குப் போட 27-ஆம் பிரிவு இடம் விடுகிறது. அப்போது உங்கள் பெயர் ஊரில் எவ்வளவு நாளாகப் புழங்குகிறது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். மறுபடியும் அதே பில் புத்தகங்கள்.

10. மிச்சம் மீதி

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டத்தில் பதிவான டிரேட்மார்க்குக்கு 10,000 ரூபாய் வரை திரும்பக் கிடைக்க வழி வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கட்டண ரசீதுகள் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஏஜென்ட் பெயரில் அல்ல.

பதிவு 10 வருடம் செல்லும். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், ஆன்லைனில் 9,000. பதிந்துவிட்டு விற்காமலே வைத்திருந்தாலும் ஆபத்து. 5 வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத பெயரை நீக்கச் சொல்லி வேறொருவர் கேட்கலாம். எங்கள் பதிவு முடிவது 2032 நவம்பரில். கணக்கு விண்ணப்பித்த நாளில் இருந்து, சான்றிதழ் வந்த நாளில் இருந்து அல்ல. செக்குக் கொட்டகைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறேன். பில் புத்தகங்கள் இப்போது இரும்புப் பெட்டியில் இருக்கின்றன, பழைய பேப்பர்காரர் வந்தால் அந்தப் பக்கமே விடுவதில்லை.